திருமுக்கூடற் கல்வெட்டும் இளமாணாக்கர் வாழ்வும்

காஞ்சி மாநகரின் கல்விச் சிறப்பை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பேரறிஞர் பெயர்களையே நிரல்படுத்திச் செல்வர். கி.பி. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் தன் ஆசிரியருடன் கடிகையை நாடி வந்த செய்தியைத் தாளகுண்டாக் கல்வெட்டு உரைக்கின்றது. இராசசிம்மன் கடிகையை மீண்டும் நிலைபெறச் செய்ததை வேலூர்ப்பாளையச் செப்பேடு குறிக்கின்றது. காஞ்சியிற் பிறந்த தருமபாலர் நாளந்தாவில் தலைமை பெற்றார். இவை யாவும் கற்றுத் தேர்ந்தோரின் வரலாறு. வீட்டை விட்டு வந்த இளஞ்சிறுவன் முதல் நாள் எங்கே உண்டான், எதன்மீது உறங்கினான், எவ்விளக்கின் ஒளியிற் பாடம் பயின்றான் என்னும் வினாக்களுக்குக் கடிகை பற்றிய சான்றுகள் விடை தருவதில்லை. அவ்விடையை யாம் சோழர் காலக் கல்வெட்டுகளிற் காண்கின்றோம். அவற்றுள் தலையாயது காஞ்சியை அடுத்த திருமுக்கூடலில் உள்ளது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில் அமைந்தது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 1068 ஆகும். கோயிலின் சனநாத மண்டபத்தைச் சார்ந்து கல்விச்சாலை, மாணாக்கர் உறையுள், மருத்துவமனை என்னும் மூன்றும் நடைபெற்றமையை இக்கல்வெட்டால் அறிகின்றோம். இருக்கு வேதம் ஓதுவோர் 10 பேர். யசுர் வேதம் ஓதுவோர் 10 பேர். வியாகரணமும் ரூபாவதாரமும் பயில்வோர் 20 பேர். பாஞ்சராத்திரர் 10 பேர். பிறரையும் சேர்த்து 60 பேருக்கு உணவளிக்க நிவந்தம் வகுக்கப்பட்டது.

எண்ணிக்கையினும் நம் கருத்தை ஈர்ப்பன சிறு செலவினங்களே. உறங்குதற்குப் பாய், சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய் ஆகியவற்றிற்கும் தனித்தனியே பொருள் ஒதுக்கப்பட்டது. வீரசோழன் என்னும் பெயரால் வழங்கிய மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன; மருத்துவரும் அறுவை மருத்துவரும் மருந்து கொணர்வோரும் பணி செய்தனர். பெற்றோரைப் பிரிந்த சிறுவனுக்கு வீட்டில் தாய் செய்யும் பணிகள் எவையெவை என எண்ணிப் பார்த்தவரே இப்பட்டியலை வகுத்திருத்தல் வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வாரத்திற்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. இரவு விளக்கு நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. கற்கும் பழக்கம் அறிவுரையால் மட்டும் அமைவதன்று. இடமும் பொழுதும் வயிற்று நிறைவும் கூடியவழியே அமையும். இவ்வுண்மையைச் சாசனம் எழுதியோர் நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம்.

இளையோர்க்கும் மூத்தோர்க்கும் இடையே அக்காலத்தார் கண்ட வேறுபாட்டை எண்ணாயிரக் கல்வெட்டு தெளிவாகக் காட்டுகின்றது. முதலாம் இராசேந்திரன் காலத்ததாகிய அக்கல்வெட்டில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் குறிக்கப்படுகின்றனர். மாணாக்கருள் 270 பேர் இளையோர்; 70 பேர் வியாகரணம், பிரபாகரம், வேதாந்தம் பயின்ற மூத்தோர். இளையோர் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு 6 நாழி நெல். மூத்தோர்க்கு ஒரு குறுணி 2 நாழி, அஃதாவது 10 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம் எனக் கணக்கிடின், மாணாக்கர்க்கு மட்டும் நாளொன்றுக்கு 24 கலம் 2 குறுணி நெல் வேண்டும். 360 நாளுக்கு அது 8,700 கலம் ஆகும். இத்துணை நெல்லைத் தவறாது அளந்து கொடுக்க நிலமும் கணக்கும் கண்காணிப்பும் வேண்டும். ஒரு வள்ளலின் ஒருநாள் ஈகையால் இது நடவாது.

ஈண்டு மற்றொன்று கருதத்தக்கது. எண்ணாயிரத்தில் வியாகரணம் பயின்றோர் மூத்தோர் வரிசையில் உள்ளனர். ரூபாவதாரம் பயின்ற 40 பேரோ இளையோர் வரிசையில் உள்ளனர். ரூபாவதாரம் என்பது பாணினியின் சூத்திரங்களைத் தொடக்க நிலையினர்க்கு ஏற்பப் பொருள்வாரியாக வகுத்துத் தரும் நூல். இளையோர் முதலில் எளிய நூலைக் கற்று, பின்னரே பெருநூலுட் புகுதல் வேண்டும் என்னும் படிமுறை இதனாற் புலனாகின்றது. இளையோர்க்குக் குறைந்த நெல் அளந்ததைக் கொண்டு அவர்களைப் புறக்கணித்தனர் எனக் கூறல் பொருந்தாது. அவர்கட்குரிய பாடமும் தனியே வகுக்கப்பட்டிருந்தது.

ஒழுக்க விதிகளுக்குத் தென்கோடியிற் சான்று உளது. ஆய் வேந்தன் கருநந்தடக்கன் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டிற் பார்த்திவசேகரபுரத்தில் 95 பேருக்கு அமைத்த சாலையில், ஒருவரையொருவர் இகழ்ந்துரைத்தலும் படைக்கலத்துடன் அவைக்கு வருதலும் விலக்கப்பட்டன. மீறினார் தண்டம் இறுக்க வேண்டும். புதியோன் அஞ்சாது தங்குதற்கு உணவோடு இத்தகைய காப்பும் வேண்டுவதே.

எனினும் இச்சாலைகளைப் பாராட்டுவதோடு நின்றுவிடுதல் வரலாற்று நேர்மை ஆகாது. இங்குக் கூறப்பட்ட மாணாக்கர் வேதமும் அதனைச் சார்ந்த நூல்களும் ஓதுதற்குரியராகக் கொள்ளப்பட்ட ஒரு பிரிவினரே. காஞ்சியில் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளரிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் அறநிலைப் பொருளையும் கணக்கையும் பேணும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை உத்தம சோழன் செப்பேடு கூறுகின்றது. கணக்குப் பேணியோர் எழுத்தும் எண்ணும் அறிந்தோராதல் வேண்டும். ஆயினும் அவர்தம் மக்கட்குப் பாயும் விளக்கும் தந்த நிவந்தம் எதனையும் மேற்கூறிய சாசனங்களிற் காணோம். கோயிலின் கணக்கைக் காத்த குடியின் சிறுவனுக்கு அக்கோயில்களின் கல்விநெல்லில் ஒரு நாழியும் அளக்கப்படவில்லை. தறிக்குழியின் அருகே அவன் கற்றது தொழிலை. எழுத்தை அவன் கற்ற இடத்தைக் கல் கூறவில்லை.

அந்நெல் எல்லார்க்கும் அளக்கப்படுதற்கு ஒன்பது நூற்றாண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் நண்பகல் உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக அது விரிந்தது. 1984இல் 15 வயது வரையுள்ள உயர்நிலைப் பள்ளிச் சிறுவரையும் தழுவிற்று. 2022இல் தொடக்கப் பள்ளிகட்குக் காலை உணவும் வந்தது. கோயில் நிவந்தத்திற்கும் அரசின் திட்டத்திற்கும் நேர்த்தொடர்பு உண்டு என யாம் கூறவில்லை. பின்னது, சாதி வேற்றுமை கருதாது ஒரே வரிசையில் எல்லாச் சிறுவரையும் அமரச் செய்தமையால், முன்னதினும் உயர்ந்தது. ஆயின் இரண்டற்கும் அடிப்படையாகிய உண்மை ஒன்றே: பசித்த சிறுவன் பாடத்தில் நிலைகொள்ளான்.

ஆகவே, கல்வி வரலாறு எழுதுவோர் புலவர் பெயர்களோடு நாழிக் கணக்கையும் ஆராய்தல் வேண்டும். பாய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் ஒதுக்கிய பொருளைக் கல்லில் வெட்டிவைத்தோர், இளமாணாக்கரின் நலனைப் பின்வருவோர் மறவாதிருக்கவே அங்ஙனம் செய்தனர். அக்கணக்கில் இடம்பெற்றோர் யார், பெறாதோர் யார் என்னும் இரண்டையும் ஒருங்கே படித்தலே அக்கல்வெட்டுகளை முழுமையாகப் படித்தலாகும்.