கருப்பும் சாம்பலும் – 6: நாலாயிரம் பிராங்க்

ஓவியர் விஸ்லர் வரைந்த எழுத்தாளர் கார்லைலின் படத்துக்குக் கிளாஸ்கோ நகரசபையார் 1,000 கினி கொடுத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டும் விஸ்லர் அசையவில்லை.

அதே 1891-இல், இலையுதிர் காலம். கார்லைல் படத்துக்கு மூத்த படம் ஒன்று பாரிஸில் பூஸோ வலாதோன் என்ற ஓவிய விற்பனைக் கடையில் மாட்டப்பட்டிருந்தது. கருப்பு உடையில், பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் விஸ்லரின் தாய் ஆன்னா. 1872-இல் லண்டன் ராயல் அகாதெமி இதைத் திருப்பி அனுப்பப் பார்த்தது. அகாதெமி உறுப்பினர் சர் வில்லியம் பாக்சல் பதவி விலகுவேன் என்று மிரட்டிய பிறகே சுவரில் இடம் கிடைத்தது. விமர்சகர் ரஸ்கின் மீது தொடுத்த அவதூறு வழக்கில் ஒரு ஃபார்த்திங் மட்டும் நஷ்டஈடு பெற்று, 1879-இல் திவாலாகி நின்ற ஓவியர், இந்தப் படத்தையே ஒரு சமயம் கடனுக்கு ஈடு வைத்திருக்கிறார். பெற்ற தாயின் படத்தை அடகு வைத்தவரின் மனநிலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

இப்போது அவர் விரும்பியது ஒன்றே: பிரெஞ்சு அரசு அதை வாங்க வேண்டும். ஆனால், வாங்கிக்கொள்ளுங்கள் என்று தானே போய் நிற்க மாட்டார். அதற்கு நண்பர்கள் இருந்தார்கள். கவிஞர் மல்லார்மே, நுண்கலைத் துறையில் செல்வாக்குள்ள விமர்சகர் ரோஜே மார்க்ஸிடம் பேசினார். மார்க்ஸ் மூலமாக விஷயம் அமைச்சர் லெயோன் பூர்ஷ்வாவின் காதுக்கு எட்டியது.

குறி, லுக்ஸம்பூர் அருங்காட்சியகம். அன்று உயிரோடிருந்த ஓவியர்களுக்கான இடமாக அது இருந்தது. ஓவியர் இறந்து பத்தாண்டுகள் போனபின், தகுதியுள்ள படம் அங்கிருந்து லூவருக்குப் போகலாம் என்பது அன்றைய வழக்கம். லண்டன் கேலி செய்த படம் லியனார்டோவும் டிஷியனும் இருக்கும் கூரையின் கீழ்! எந்த விலையும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து. ஆனால் விஸ்லரோ, பணத்தின் அருமையைப் பட்டறிந்தவர்.

நவம்பரில் முடிவு தெரிந்தது. அரசு வாங்கத் தயார். தொகை, 4,000 பிராங்க்.

அன்றைய மாற்று மதிப்பில் ஏறக்குறைய 160 பவுண்டு. தம்பியான கார்லைல் படத்துக்கு 1,000 கினி, அதாவது 1,050 பவுண்டு வந்த அதே ஆண்டில், தாயின் படத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கிளாஸ்கோவிடம் ஒரு கினியும் விட்டுக்கொடுக்காத மனிதர், பாரிஸுக்கு என்ன பதில் எழுதினார்?

(அடுத்த வாரம்)