ரைன் நதியின் மேல் ஒரு நடைபாலம்

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்கும் ஜேர்மனியின் கேல் நகருக்கும் நடுவே ரைன் நதி ஓடுகிறது. இரு கரைகளிலும் விரியும் 'இரு கரைப் பூங்கா'வை, நடப்போருக்கும் சைக்கிள் ஓடுவோருக்கும் மட்டுமான பாலமொன்று 2004 முதல் இணைக்கிறது. வடிவமைத்தவர் மார்க் மிம்ராம். படிகளுள்ள தளம் நடப்போருக்கு, வளைந்து நீளும் தளம் சைக்கிளுக்கு. இரண்டும் நடு ஆற்றில் ஒரு மேடையில் சந்திக்கின்றன.

1939இல் போர் தொடங்கியதும் ஸ்ட்ராஸ்பூர்க் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1944 நவம்பரில் கேல் மக்களின் முறை. போர் முடிந்த பின்னும் பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த கேல், 1949 முதல் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டது. கடைசிப் பகுதி கிடைத்தது 1953இல். (அந்தக் காத்திருப்பை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.)

இந்த நடைபாலம் வர மேலும் அரை நூற்றாண்டு ஆனது. 2020இல் கொரோனாவால் எல்லை மூடப்பட்டபோது இதற்கும் தடுப்பு போட்டார்கள். ஜூனில் எல்லை மறுபடி திறந்தது.