பத்திரமாக வந்த உதவி

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. 1989-ல் வட ஆர்க்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. கிரிவலத்துக்கு வருகிறவர்களைப் போலவே உதவி கேட்டு மனுவோடு வருகிறவர்களுக்கும் இந்தப் பகுதி இப்போது பழகிவிட்டது. அரசு குடும்பங்களுக்குப் பணம் தருவது இன்று இயல்பாகத் தோன்றினாலும், நெடுங்காலம் பணம் எதிர்த்திசையில்தான் போனது. குடும்பங்கள் கொடுத்தன, அரசு வாங்கிக்கொண்டது. பிறகு உதவத் தொடங்கியபோதும் அரசு அந்தப் பழைய வடிவத்தைக் கைவிடவில்லை. உதவியைக்கூட முதிர்வுத் தேதி போட்ட பத்திரமாகவே நீட்டியது. அந்த வடிவம் குடும்பத்தின் தேவையைவிட அரசின் வசதிக்கே அதிகம் பொருந்தியது என்பதற்கு வரலாற்றில் போதிய சான்று உண்டு.

அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-ல் வந்தது. ஐந்தாண்டுப் பத்திரம் 1917-ல், முதல் உலகப் போரின் செலவுக்குப் பணம் தேடிய அரசின் கையிலிருந்து பிறந்தது. 7 ரூபாய் 12 அணா கட்டினால் ஐந்து ஆண்டு கழித்து 10 ரூபாய் கிடைக்கும். விடுதலைக்குப் பிறகு போர் போய்த் திட்டங்கள் வந்தன, வசூல் தொடர்ந்தது. சேமிப்புப் பத்திரம், கிசான் விகாஸ் பத்திரம், ஆர்.டி. என்று அஞ்சலகத்தில் சேர்ந்த தொகையில் பெரும்பங்கு அந்தந்த மாநிலத்துக்கே கடனாகத் திரும்பியது. மாவட்ட ஆட்சியர்கள் சிறுசேமிப்பு வசூலில் அவ்வளவு முனைப்புக் காட்டியதன் காரணம் இதுதான். 1972 முதல் மகளிர் முகவர்கள் வீடு வீடாகப் போய், மாதத் தவணையை வாங்கி அட்டையில் பதிந்து, பாஸ்புக்கை அஞ்சலகத்துக்கும் வீட்டுக்குமாகச் சுமந்தார்கள். அரசுக்கு இதைவிட மலிவாகக் கடன் திரட்டித் தந்தவர்கள் உண்டா என்பது சந்தேகமே. 14-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 2016-ல் தமிழ்நாடு உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்கள் இந்தக் கடன் ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொண்டன.

இந்தப் பின்னணியில் தமிழ்நாடு அரசு 1992-ல் தொடங்கிய பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 2011-ல் உயர்த்தப்பட்ட அளவின்படி, ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் தலா 25,000 ரூபாய் அவர்கள் பெயரில் வைப்புத் தொகையாகும். ஆண் வாரிசு இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும், பெண் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும், 18 வயது நிறைய வேண்டும். பணம் இருக்கும் இடம் தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனம். குழந்தைக்குக் கொடுத்த பணமும் முதிரும்வரை அரசின் கையைவிட்டு வெளியே போகவில்லை. ஒரே காகிதத்தில் சிசுக்கொலைத் தடுப்பு, மக்கள்தொகைக் கட்டுப்பாடு, மின்துறை முதலீடு மூன்றும் அடங்கிவிட்டன!

பத்திரத்தை ஆதரிப்போர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. அன்றைய வட்டிக்கு 50,000 ரூபாய் 18 ஆண்டில் சுமார் 3 லட்சமாகும் என்று கணக்கிடப்பட்டது. மாதம் ஆயிரம் என்று வந்தால் அது அரிசி பருப்போடு கரைந்துபோகும், அப்பன் கைக்குப் போனால் டாஸ்மாக்கில் கரையும் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் 18 வயதில் மொத்தமாக வரும் பணம் எதற்குப் போகிறது? ஹரியானா 1994-ல் இதே போன்ற பத்திரத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பெண்களுக்கு 18 நிறைந்த பிறகு நடந்த ஆய்வில், குழந்தைத் திருமணம் குறைந்ததாகத் தெரியவில்லை. பல குடும்பங்கள் பணத்தைக் கல்யாணச் செலவுக்கென்றே எண்ணியிருந்தன. கரைந்துபோகும் என்ற அச்சத்துக்கும் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. திருவண்ணாமலையை ஒட்டிய தருமபுரியில்தான் 1989-ல் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. சீட்டுப் பிடித்தும் குழுக்கடனைத் தவணை தவறாமல் கட்டியும் பழகிய பெண்களுக்குப் பணம் கையாளத் தெரியாது என்பது வெறும் முன்முடிவு.

அரசே இதைத் தாமதமாக ஒப்புக்கொண்டது. 1989-ல் 5,000 ரூபாயோடு தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி, 2022-ல் புதுமைப்பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளின் வங்கிக் கணக்கில் மகளிர் உரிமைத்தொகை சேர்கிறது. ஒரு காலத்தில் குடும்பத்திடம் கடன் வாங்கிய மாநிலம், இன்று சந்தையில் கடன் வாங்கிக் குடும்பத்துக்குத் தருகிறது. இதன் நிதிச்சுமை பற்றிய கவலை நியாயமானதே. அந்தக் கவலைக்குப் பழைய பத்திரம் மருந்தாகாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். முதிர்ந்தும் வாங்கப்படாத வைப்புத் தொகைகள் இருப்பதாக மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது அறிவிக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தப் பத்திரம் இருந்து, மகளுக்கு 18 நிறைந்திருந்தால், அசல் பத்திரம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, அவள் பெயரிலான வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றோடு மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.