பார்சிபகான் சந்தில் ஒரு வாசகர்

1921ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து வியன்னாவுக்குத் தபாலில் ஒரு புத்தகம் போனது. எழுதியவர் கிரீந்திரசேகர் போஸ் என்ற இளம் மருத்துவர். அனுப்பியது சிக்மண்ட் பிராய்டுக்கு. ஆசைகளை மனம் எப்படி அடியில் போட்டு அமுக்கிவைக்கிறது என்பதைப் பற்றிய ஆய்வு அது. கல்கத்தா பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்ததும் அதற்காகத்தான். இவ்வளவு தொலைவில் உள்ள நாட்டில் உளப்பகுப்பாய்வு என்ற தன் துறைக்கு இப்படி ஓர் ஈடுபாடா என்று வியந்து பிராய்டு பதில் எழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

நான் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பவன். காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் மனோதத்துவ நூல்களைத் தேடி வாங்குவது என் நெடுநாள் பழக்கம். பிராய்டு, யுங், டேல் கார்னகி எல்லாம் அங்கே ஒரே அடுக்கில் கிடப்பார்கள். ஊரிலிருந்து வந்தபோது பெட்டியில் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ இருந்தது. தன்னை அறிய வேண்டும் என்று புத்தகத்தைக் கையில் எடுக்கும் எல்லோருக்கும் கிரீந்திரசேகரைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவரைப் போல வாசித்தவர்கள் அபூர்வம்.

அவருடைய அப்பா தர்பங்கா மகாராஜாவிடம் திவானாக இருந்தவர். ‘பரசுராம்’ என்ற பெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்காளிகள் மனதில் இடம்பிடித்த ராஜசேகர் போஸ் அவருடைய அண்ணன். கிரீந்திரசேகர் 1910இல் மருத்துவப் பட்டம் பெற்று, மனநோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். பிராய்டின் கனவு நூல் ஆங்கிலத்தில் வந்ததே 1913இல்தான். கிடைத்த கொஞ்சத்தைப் படித்துக்கொண்டு, மீதியைத் தன்னிடம் வந்த நோயாளிகளின் பேச்சிலிருந்து அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1916இல் கல்கத்தா பல்கலைக்கழகம் உளவியலுக்குத் தனித்துறை தொடங்கியது. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதற்குத் தலைமை ஏற்றார். டாக்டராகத் தொழில் நடத்திக்கொண்டிருந்த கிரீந்திரசேகர் அங்கே மாணவராகச் சேர்ந்தார். படித்து முடித்ததும் அங்கேயே ஆசிரியரானார். அந்தத் துறை இருந்த அப்பர் சர்க்குலர் ரோடு சயன்ஸ் காலேஜுக்குப் பக்கத்திலேயே பார்சிபகான் சந்து. அதில் 14ஆம் எண் வீடு அவருடையது. 1922இல் அந்த வீட்டில்தான் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் பிறந்தது. 1953இல் இறக்கும்வரை அவரே அதன் தலைவர்.

அதே வீட்டில் ‘உத்கேந்திர சமிதி’ என்று ஒரு நண்பர் குழாமும் கூடும். எழுத்தாளர்கள், ஓவியர்கள், விஞ்ஞானிகள் வருவார்கள். அண்ணனின் கதைகளுக்குப் படம் போட்ட யதீந்திரகுமார் சென், பிராய்டைப் பாராமலே, எழுத்தை வைத்து அவர் முகத்தைக் கற்பனையில் வரைந்தார். கிரீந்திரசேகர் அந்தப் படத்தையும் வியன்னாவுக்கு அனுப்பிவைத்தார். 1931இல் பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு, சங்கத்தின் சார்பில் தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை ஒன்று போனது. பிராய்டு அதைத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

இத்தனை மரியாதை இருந்தும் கிரீந்திரசேகர் தலையாட்டி வாசகராக இருக்கவில்லை. 1929இல் தன் கட்டுரைகளை அனுப்பியபோது, பிராய்டு ஐரோப்பிய நோயாளிகளிடம் கண்ட சில அச்சங்கள் தன்னிடம் வரும் இந்திய ஆண்களிடம் அதே வலுவோடு தென்படவில்லை என்று எழுதினார். பெண்ணாக இருக்கும் ஆசை அவர்களிடம் சுலபமாகவே வெளிப்படுகிறது என்றும் சொன்னார். பிராய்டு அவர் வாதத்தை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. கிரீந்திரசேகரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவருடைய சொந்தக் கொள்கை எதிர் ஆசை பற்றியது. ஒவ்வோர் ஆசையும் தன் எதிரோடு சேர்ந்தே பிறக்கிறது. ஒன்று மேலே தெரிகிறது, மற்றது அமுங்கிக் கிடக்கிறது என்றார். அடிக்கத் துடிப்பவனுக்குள் அடிபடும் ஆசையும் இருக்கும். அதனால் நோயாளியை எதிராளியின் இடத்தில் தன்னை வைத்துக் கற்பனை செய்யச் சொல்வார். பிறகு பழைய இடத்துக்குத் திரும்பச் சொல்வார். இப்படி மாறி மாறிச் செய்யும்போது அமுங்கியது மேலே வரும் என்பது அவர் அனுபவம்.

கும்பகோணத்து வீட்டுப் பங்கு விஷயத்தில் என் அண்ணனும் நானும் பேசாமல் இருந்த நாட்களில் இதைப் படித்தேன். அண்ணனாக உட்கார்ந்து யோசித்தபோது, அப்பாவின் கடைசிக் காலத்து மருத்துவச் செலவு, இரவெல்லாம் விழித்திருந்தது எல்லாம் அவர் பக்கத்திலிருந்து தெரிந்தன. பங்கு விவகாரம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் போனை எடுத்துப் பேச முடிந்தது.

தான் அறிந்ததை கிரீந்திரசேகர் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சாதாரண வங்காளி வாசகருக்காகக் கனவுகளைப் பற்றி ‘ஸ்வப்ன’ என்ற நூலைத் தாய்மொழியில் எழுதினார். குழந்தைகளுக்குச் செவ்வெறும்பு, கட்டெறும்புகளின் கதையாக ‘லால் காலோ’ எழுதினார். கீதையையும் புராணங்களையும் ஆராய்ந்தார். 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கு வெளிநோயாளர் பிரிவு தொடங்கினார். பித்துப் பிடித்தவரென்று வீட்டில் பூட்டிவைக்கப்பட்டவர்கள், காய்ச்சலுக்கு வருபவர்களைப் போலவே சீட்டு வாங்கி டாக்டரைப் பார்க்கலாம் என்ற நிலை அங்கே உருவானது. 1940இல் தில்ஜலாவில் அண்ணன் ராஜசேகர் கொடுத்த இடத்தில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தொடங்கியது.

இன்று தன்னையறியும் புத்தகங்கள் ஏராளம். எட்டுக் கேள்விக்குப் பதில் சொன்னால் நீ இன்ன ரகம் என்று ஒரு முத்திரை குத்திவிடுகின்றன. படிப்பவரும் ஒப்புக்கொண்டு போய்விடுகிறார். கிரீந்திரசேகர் வாசித்த விதம் வேறு. படித்ததைத் தன் மக்களின் வாழ்வோடு உரசிப் பார்த்தார். பொருந்தாத இடத்தை ஆசிரியருக்கே எழுதிச் சொன்னார். பொருந்தியதைத் தன் மொழியில் அடுத்தவருக்குக் கொடுத்தார். அதைக்கொண்டு ஆஸ்பத்திரியும் நடத்தினார். மனதைப் பற்றிய புத்தகத்தை வாங்குபவர் அதன் ஓரத்தில் தன் மறுப்பையும் எழுத வேண்டும். அப்படி எழுதத் துணியும்போதுதான் அந்தப் புத்தகம் அவரைப் பற்றியதாகிறது.