பிநெட்டி வழக்கு

கணினி விளையாட்டு ஒன்றுக்கு, அதை வெளியிட்ட நிறுவனத்தைச் சாராமல் மற்றவர்கள் சர்வர் எழுதலாமா என்ற கேள்வியில் அமெரிக்காவில் நடந்த முக்கியமான வழக்கு. பிளிசார்ட் நிறுவனத் தரப்பு தொடுத்த இவ்வழக்கில், 2004-இல் மிசூரி மாவட்ட நீதிமன்றம் அந்நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005 செப்டம்பர் 1 அன்று அதை உறுதிசெய்தது.

பின்னணி

டயாப்ளோ, ஸ்டார்கிராஃப்ட் ஆகிய விளையாட்டுகளை இணையத்தில் சேர்ந்து விளையாட, பேட்டில்.நெட் என்ற இலவசச் சேவையை பிளிசார்ட் நடத்தியது. அதில் ஏற்பட்ட தடங்கல்களால் சலித்த ஆர்வலர்கள், லாப நோக்கமின்றி பிநெட்டி என்ற மாற்று சர்வரை எழுதினார்கள். விளையாட்டும் சர்வரும் பரிமாறிக்கொள்ளும் தரவைக் கவனித்து, அது இயங்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். இதுவே ரிவர்ஸ் இன்ஜினியரிங். 2002-இல் பிளிசார்ட் சட்ட நோட்டீஸ் அனுப்பியது.

சிடி சாவி

விளையாட்டு சிடியுடன் ஒரு சாவி எண் வரும். பேட்டில்.நெட் அது செல்லுபடியாகிறதா, வேறொருவர் அதே எண்ணில் உள்ளே இருக்கிறாரா என்று பார்த்த பிறகே அனுமதிக்கும். செல்லும் எண்கள் எவை என்று பிநெட்டிக்குத் தெரிய வழியில்லை. எந்த எண் வந்தாலும் ‘சரி’ என்றே பதில் அனுப்பியது. அதனால் திருட்டுப் பிரதி வைத்திருந்தவர்களும் விளையாட முடிந்தது.

தீர்ப்பு

ரிவர்ஸ் இன்ஜினியரிங் தன்னளவில் குற்றமல்ல. 1992-இல் சேகா – அக்கலேட் வழக்கில் அது நியாயமான பயன்பாடாக ஏற்கப்பட்டிருந்தது. ஆனால், விளையாட்டை நிறுவும்போது ‘ஏற்கிறேன்’ என்று சொடுக்கிய உரிம ஒப்பந்தம் அதைத் தடைசெய்ததால், பிநெட்டி எழுதியவர்கள் அந்த உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதாக நீதிமன்றம் கொண்டது. மென்பொருள்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்காக 1998-ஆம் ஆண்டின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் அளிக்கும் விலக்கும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சாவிச் சோதனையைத் தாண்டியது திருட்டுப் பிரதிகளுக்கு வழிவிட்டது என்பதே காரணம்.

ஐரோப்பாவில் நிலை வேறு. இணைந்து இயங்கத் தேவையான அளவுக்கு நிரலைப் பிரித்துப் பார்ப்பதை 1991-ஆம் ஆண்டின் நெறியாணை அனுமதித்தது; அதற்குப் பதிலாக வந்த இன்றைய நெறியாணையும் அனுமதிக்கிறது. அதைத் தடுக்கும் ஒப்பந்தப் பிரிவு அங்கே செல்லாது.

பின்விளைவு

பிநெட்டி நின்றாலும் அதன் திறந்த மூலநிரலிலிருந்து பிவிபிஜிஎன் என்ற மாற்று சர்வர் வளர்ந்தது. சிக்கல் அதோடு முடியவில்லை: நிறுவனம் சர்வரை நிறுத்தினால், காசு கொடுத்து வாங்கிய விளையாட்டும் திறக்காமல் போகலாம். இதற்காக அதே டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து அமெரிக்கா 2015-இல் வழங்கிய விலக்கு, விளையாடுபவர்களைப் பொறுத்தவரை, இணையச் சேவை வழியாக அல்லாமல் சொந்தக் கணினியில் விளையாடுவதற்கே பொருந்தியது. நண்பர்களை இணையத்தில் மீண்டும் ஒன்றுசேர்க்கும் சர்வருக்கு அதில் இடமில்லை. பிநெட்டி செய்ததோ அந்த வேலையைத்தான்.