கூண்டுப் பறவைகள்: கிளியும் கேனரியும்

வீட்டில் கூண்டு வைத்துப் பறவை வளர்ப்பது தமிழகத்தில் பழைய வழக்கம். தலைமுறை தலைமுறையாகக் கிளி இருந்த அந்தக் கூண்டில் இன்று லவ் பேர்ட்ஸ், கேனரி போன்ற அயல்நாட்டுப் பறவைகளைக் காண்கிறோம். இம்மாற்றத்திற்கு ரசனை மட்டும் காரணமன்று; சட்டமும் ஒரு காரணம்.

கிளி

சங்ககாலத்தில் தினைப்புனம் காத்த மகளிர் தட்டை, குளிர், கவண் ஆகியவற்றைக் கொண்டு கிளிகளை ஓட்டினர். புனத்தில் விரட்டப்பட்ட கிளி, வீட்டில் செல்லமாகவும் கோயிலில் தெய்வத்தின் துணையாகவும் இடம்பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் வைக்கப்படும் கிளி, நாள்தோறும் இலைகளால் புதிதாகச் செய்யப்படுகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தை அடுத்துள்ள கிளிக்கூட்டு மண்டபத்தில் முற்காலத்தில் உயிருள்ள கிளிகளே வளர்க்கப்பட்டன. தெருவோரத்தில் சீட்டெடுத்த ஜோசியக் கிளியையும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கேனரி

கேனரியின் தாயகம் அட்லாண்டிக் கடலிலுள்ள கேனரி, மதீரா, அசோர்சு தீவுகள். காட்டுக் கேனரி பழுப்புக் கோடுகள் கொண்ட பசுமஞ்சள் நிறமுடையது. பளிச்சென்ற மஞ்சள் நிறம் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அத்தீவுகளைக் கைப்பற்றிய பின் இப்பறவை ஐரோப்பாவுக்குச் சென்றது. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதியில் பாட்டுக்காகவே இதை வளர்த்தனர். நன்றாகப் பாடுவது ஆண் பறவையே.

1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிவியலாளர், சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவை அறியச் சிறு உயிர்களைப் பயன்படுத்தலாம் என்றார். தொழிலாளர் மயங்குமுன் கேனரி மயங்கி விழும்; உடனே அவர்கள் வெளியேறுவார்கள். பிரிட்டனில் 1986இல் மின்னணுக் கருவிகள் வரும்வரை இவ்வழக்கம் நீடித்தது.

சட்டம்

விற்பனைக்காக மரப்பொந்துகளிலிருந்து கிளிக்குஞ்சுகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் பல வழியிலேயே இறந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1990–91இல் வந்த தடையும் இந்தியப் பறவைகளின் வணிகத்தை நிறுத்தின. பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது இன்று குற்றம். கேனரி இந்தியக் காட்டுப் பறவை அன்று என்பதால் இத்தடை அதற்குப் பொருந்தாது. ஆயினும், கூண்டிலேயே பிறந்த கேனரியை இரக்கப்பட்டு வெளியே பறக்கவிடுவது நன்மையாகாது. இரை தேடவும் பருந்திடமிருந்து தப்பவும் அது பழகியதில்லை. வளர்க்கத் தொடங்கினால் கடைசிவரை காக்க வேண்டும்.

புதுக்கோட்டையில்

கூண்டில்லாமல் பறவையோடு வாழும் வழக்கமும் நம்மிடம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலையில், முருகன் கோயில் குன்றைச் சுற்றி மயில்கள் தம் விருப்பம்போல் திரிகின்றன. 1963இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயிலைப் பிடிப்பதும் கொல்வதும் கடுங்குற்றம். அதே மயில்கள் வயலில் இறங்கிப் பயிரைத் தின்பதால் உழவர்கள் வருந்துகின்றனர். தினைப்புனத்தில் கிளி ஓட்டிய மகளிருக்கு இருந்த சிக்கல், இன்று வேறொரு பறவையால் தொடர்கிறது. அன்று கவண் எடுத்து ஓட்டினர். பறவையையும் பயிரையும் சேர்த்துக் காக்க வேண்டிய பொறுப்பு இன்று அரசுக்கும் மக்களுக்கும் உள்ளது.