சேலம் சிறையும் மாஸ்கோ சதியும்

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று செத்தவர்களில் பெரும்பாலோர் மலபார்க்காரர்கள், விவசாயப் போராட்டங்களில் பிடிபட்டு இங்கே கொண்டுவந்து அடைக்கப்பட்டவர்கள். அப்போது குடியரசு பிறந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1949இலேயே கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. மாஸ்கோவின் சொல்லுக்கு ஆடுகிறவர்கள், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்கிறவர்கள் என்பது அவர்கள்மீது விழுந்த பழி. சிறைக்குள் அவர்கள் கேட்டதோ, திருட்டுக் குற்றவாளிகளைப் போலத் தங்களை நடத்தக் கூடாது என்பது.

அந்தப் பழி வெறும் கற்பனையா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். இல்லை. 1929 மீரட் சதி வழக்கில் கைதான பிலிப் ஸ்ப்ராட், மாஸ்கோவிலிருந்து இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலத்தின் வேலைக்காகவே பிரிட்டனிலிருந்து அனுப்பப்பட்டவர். 1948க்குப் பிறகு கட்சி ஆயுதப் பாதையில் இறங்கியதும், தெலங்கானாவில் ரத்தம் சிந்தியதும் உண்மை. ஆனால் தொடர்பு இருப்பதும், அந்நிய நாட்டின் ஏவலில் நடப்பதும் ஒன்றாகிவிடுமா? 1951 தொடக்கத்தில் கட்சித் தலைவர்கள் நால்வர் மாஸ்கோ போனபோது, இந்தியா ஆயுதப் புரட்சிக்குத் தயாராக இல்லை என்றே ஸ்டாலின் சொன்னார். அந்த ஆண்டு அக்டோபரில் தெலங்கானாப் போராட்டம் நிறுத்தப்பட்டது. குத்தகைக்கும் கூலிக்கும் பசிக்கும் உள்ளூரிலேயே வேர் இருந்தது; அதைத் தோண்டிப் பார்க்கும் கடமையிலிருந்து ஆட்சியாளர்களை விடுவித்தது சதி என்ற ஒற்றைச் சொல். தொடர்பு மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், பூட்டிய சிறைக்குள் நடந்த 22 சாவுகளுக்கு அது எப்படி நியாயமாகும்?

ஆபத்தான காலத்தில் ரகசியங்களைக் கோர்ட்டில் கொட்ட முடியாது என்பார்கள். சேலம் சாவுகள் நடந்த அதே பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தடுப்புக் காவல் சட்டம் அதைத்தான் சொன்னது. காவலில் வைத்ததற்கான காரணத்தை நீதிபதியிடம்கூட வெளியிடக் கூடாது என்றது அதன் 14ஆம் பிரிவு. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில் சட்டத்தின் மற்ற பகுதிகளை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றமே இந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது; சான்றைப் பார்க்காமல் எந்த நீதிபதியாலும் நியாயம் சொல்ல முடியாதே. பிறகு வி. ஜி. ராவ் வழக்கு. ஒரு சங்கம் ஆபத்தானது என்று அரசு நம்பினால் போதும், கோர்ட் விசாரணை வேண்டாம் என்ற ஏற்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் நிராகரித்தது. 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சேலத்தில் துப்பாக்கிகள் வெடித்து அப்போது இரண்டு ஆண்டு கடந்திருந்தது.